சுந்தரம்மாள் பார்த்த ஐந்து குவியல்

படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் சுந்தரம்மாளின் வேலை. செம்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஏழாவது வரை படித்தவள். கல்யாணமான ஆறாம் வருஷம் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆறு மாத வீட்டுச் செவிலியர் பயிற்சியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டவருக்குக் கஞ்சியை எந்தக் கன்னத்தில் ஊட்டுவது, மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவது என்று அங்கே கற்ற ஒவ்வொன்றும் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அழுதுகொண்டே நோயாளியைப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் கஞ்சி புரையேறும் என்பாள்.

1998இல், தவக்காலம் தொடங்கிய வாரத்தில், நாகல் நகரில் ராயப்பராஜ் சார் வீட்டுக்கு அவளை அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சாருக்கு அறுபத்தாறு. முப்பத்தொரு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதிலும் இலக்கணம் வருகிற இரண்டாம் தாள் என்றால் ஊரில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். மனைவி அமலராணி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் ரொனால்டு, பெங்களூரில் வேலை. ஜனவரியில் சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் கெட்டது. மகன் ஒரு மாதம் விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கிடந்தான். அதற்கு மேல் விடுப்பு இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது சுந்தரம்மாளிடம் அவன் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்.

"அப்பாவுக்கு நெனப்பு சுத்தமாப் போயிருச்சும்மா. ஆளும் தெரியல, பொருளும் தெரியல. வேளாவேளைக்குச் சாப்பாடு குடுத்து சுத்தமா வச்சுக்கங்க, போதும்."

வீட்டார் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் முதல் ஒரு நாள் நோயாளியை நீயே பார்க்க வேண்டும் என்பது அவள் பயிற்சியில் சொல்லித் தந்த பாடம். அவள் பார்த்தாள். பார்த்ததைக் கோடு போட்ட ஒரு நோட்டில் எழுதினாள். எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை முறை வெளிக்குப் போனார், எத்தனை மணிக்குத் தூங்கினார், என்னென்ன பேசினார். எடு, தள்ளு, திருப்பு, குடிக்கணும், வலிக்குது, போதும். இதெல்லாம் கொஞ்சம் குழறலாக இருந்தாலும் சரியான நேரத்தில் சரியாக வந்தது. பெயர்கள்தான் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால், "குடிக்கணும், அந்த... அந்த... பெஞ்சு" என்றார். தலையணையைப் பெல் என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புழங்கிய நாக்கு, எதைத் தேடினாலும் வகுப்பறைச் சாமானைத்தான் எடுத்துக்கொண்டு வந்தது. சுந்தரம்மாளை சாக்பீஸ் என்று கூப்பிட்டார். வெள்ளைச் சேலை கட்டியிருந்ததால் அது ஓரளவு பொருத்தம்தான் என்று அவள் சிரித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது முகத்தில் தெரிந்தது. அதையும் நோட்டில் எழுதினாள்.

எழுதியவளே மூன்றாம் நாள் ஒரு தப்பைச் செய்தாள். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஒரு தண்ணீர் டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இது என்ன, டம்ளர், எங்கே சொல்லுங்கள் என்று இழுத்து இழுத்துக் கேட்டாள். சார் அதை இடது கையால் தட்டிவிட்டார். சுவரில் பட்டு உருண்டது. சுந்தரம்மாள் தரையைத் துடைத்தாள். கோபக்கார மனுஷன் என்று எழுதிவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் புத்தி போனவருக்கு இந்த மாதிரிக் கோபம் வராது என்று அவளுக்குத் தோன்றியது. தன்னை யாராவது ஊரார் முன்னால் அ, ஆ சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டாள்.

ஊர்தான் விடவில்லை. சாருக்குத் தெரிந்தவர்கள் அதிகம். கோயிலில் அவருக்காக ஜெபிக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் சாயங்காலம் ஆனால் யாராவது ஆரஞ்சுப் பழப் பையோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வந்தவுடன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். என்னைத் தெரிகிறதா, நான் யார், பேர் சொல்லுங்கள் பார்ப்போம். உடம்பு சரியில்லாதவரிடம் அப்படிக் கேட்பதுதான் பாசம் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். சார் வாயைத் திறப்பார். டஸ்டர் என்றோ குளோப் என்றோ ஏதாவது வரும். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வந்தவர்கள் வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, ஆளே போய்விட்டார் என்பார்கள். அந்தப் பேச்சு தெருவெல்லாம் சுற்றித் தொலைபேசி வழியாகப் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்தது.

கூட வேலை பார்த்த விளையாட்டு வாத்தியார் ஆண்டனிராஜ் மூன்றாவது தடவையாக வந்தபோது, சுந்தரம்மாள் வாசல் கேட் அருகே அவரை நிறுத்தினாள். உள்ளே போய்ப் பேர் கேட்கக் கூடாது, தன் பேரைத் தானே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றாள்.

"பேருதானம்மா கேட்டேன். அவர் ஆஸ்தியவா கேட்டேன்?"

"ஆஸ்தியக் கேட்டாக்கூட இல்லன்னு தலையாட்டிருவாரு சார். பேரக் கேட்டாத்தான் ராப்பூரா தூங்க மாட்டேங்கிறாரு."

ஆண்டனிராஜுக்குக் கோபம். வேலைக்காரி அதிகாரம் பண்ணுகிறாள் என்று நாலு பேரிடம் சொன்னார். அதனால் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. சுந்தரம்மாளுக்கு அது நல்லதாகவே பட்டது.

பங்குனி பிறந்தபோது சாரின் வலது கை விரல்களில் லேசாக அசைவு வந்தது. மெல்லிய சாமான்களைத் தள்ளவும் எடுக்கவும் பழக்கினால் விரல் வசப்படும் என்று பயிற்சியில் படித்திருந்தாள். கட்டிலோரம் மருந்து வைக்க அலமாரியில் இடம் ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்தால் கெட்டியான சீட்டுகள், இருநூறுக்கு மேல் இருக்கும். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தவை. ஒரு பக்கம் பாதி மணமகன், கால் முகூர்த்தம் என்று பொன்னெழுத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. மறுபக்கம் நீல மையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். வகுப்பில் பயன்படுத்திய சீட்டாக இருக்கும் என்று புரிந்தது. கைப்பயிற்சிக்கு வாகாக இருக்கிறதே என்று, சாப்பாட்டுப் பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே போட்டு அதன்மேல் ஒரு கைப்பிடி சீட்டைக் கொட்டினாள்.

சார் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடு" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடியை மாட்டிவிட்டாள். வலது விரலால் ஒவ்வொரு சீட்டாக இழுத்து, இடது கையால் எடுத்து, சிலவற்றைத் தலையணைப் பக்கம் தள்ளினார். மற்றவற்றைப் பலகையில் குவியல் குவியலாக வைத்தார். எண்ணினால் ஐந்து குவியல். முக்கால் மணி நேரம் அசையாமல் வேலை பார்த்தார். விரலுக்கு நல்ல பயிற்சி என்று மட்டும்தான் அன்றைக்கு அவள் நினைத்தாள்.

நாலைந்து நாள் கழித்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எப்படிக் கலைத்துப் போட்டாலும் குவியல் ஐந்துதான். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், அர்த்தம் அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு குவியலிலும் என்னென்ன சீட்டு என்று எழுத்தைப் பார்த்து நோட்டில் அப்படியே வரைந்துகொண்டாள். மறுநாள் சீட்டுகளை முறத்தில் போட்டுப் புடைப்பது போலக் குலுக்கிக் கொடுத்தாள். சார் அடுக்கி முடித்ததும் நோட்டை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தாள். ஒரு சீட்டுகூட இடம் மாறவில்லை.

எதிர்வீட்டு நசீம் பானு மழலையர் பள்ளி ஆசிரியை. பத்தாம் வகுப்பில் சாரிடம் டியூஷன் படித்தவள். அவளும் ஒருமுறை வந்து பேர் கேட்டிருந்தாள். சார் அவளை மேப் என்றதும் அழுதுகொண்டே போனவள் அப்புறம் வரவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு சுந்தரம்மாள் அவள் வீட்டுக்குப் போய், இது என்ன என்று கேட்டாள். நசீம் பானு வாசித்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது நவுன். சார் கிளாஸ்ல இதே மாதிரிதான் பிரிக்கச் சொல்லுவாரு. மொதல்ல நவுன் யாரு, வெளியாளு யாருன்னு பாக்கணும். வெளியாள வெளிய தள்ளிரணும்."

தலையணைப் பக்கம் போனவை வெளியாட்கள். ஓடு, நில் என்கிற வினைகள், அழகான, மெதுவாக என்கிற அடைகள், இன்னும் சில்லறைச் சொற்கள். ஆங்கிலத்தில் சொல் எட்டுச் சாதி, அதில் பெயர்ச்சொல் ஒன்று என்று நசீம் பானு விளக்கினாள். பலகைமேல் இருந்தது அந்தப் பெயர்ச்சொல்லின் ஐந்து வகை. திண்டுக்கல், ஜோசப் மாதிரி ஒரு ஊருக்கோ ஆளுக்கோ உரிய தனிப்பெயர் ஒரு குவியல். ஊர், ஆள், நாற்காலி மாதிரிப் பொதுப்பெயர் ஒரு குவியல். மந்தை, படை மாதிரிக் கூட்டத்துக்கு ஒரே பெயர் மூன்றாவது. தங்கம், பால், பஞ்சு மாதிரி ஒரு பொருளைச் செய்கிற சரக்கின் பெயர் நாலாவது. பொறுமை, பயம் மாதிரிக் கையால் தொட முடியாதவை கடைசிக் குவியல்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?" என்று நசீம் பானு தன்னையே கேட்டுக்கொள்வது போல இன்னொருமுறை நோட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பேர் சொல்ல வராதவர், ஒவ்வொரு பேரும் எந்த வகை என்று எப்படிச் சொல்கிறார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

சுந்தரம்மாளுக்கு அதில் குழப்பம் இல்லை. "சாவிதான் தொலஞ்சிருக்கு டீச்சர். வீட்டுக்குள்ள சாமான் பூராம் வச்சது வச்ச எடத்துல இருக்கு" என்றாள்.

இதைத் தொலைபேசியில் சொன்னால் ரொனால்டுக்குப் புரியாது, நேரில் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். பெரிய வியாழனன்று காலை பஸ்ஸில் அவன் வந்தான். வந்தவன் ஒரு முடிவோடு வந்திருந்தான். மதுரைக்கு அந்தப் பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டைப் பூட்டி, பிறகு வாடகைக்கு விட வேண்டும். சுந்தரம்மாள் அதுவரை இருந்து துணிமணிகளை எடுத்து வைத்துக் கொடுத்தால் போதும். இதையெல்லாம் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு சொன்னான். சார் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அவர் இடது கை போர்வையைப் பிடித்திருந்த பிடியை அவன் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள்.

"அப்பாட்டக் கேட்டீங்களா தம்பி?"

"கேட்டு? அம்மா பேர் என்னன்னு கேட்டா பெஞ்சுங்கிறாரு. அவருக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதானம்மா. தெரியவா போகுது?"

சுந்தரம்மாள் அவனோடு வாதாடவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்த கண் அவனுக்கு. சீட்டு டின்னை எடுத்து வந்து பலகையில் கொட்டினாள். சாருக்குக் கண்ணாடியை மாட்டினாள். ரொனால்டு நின்றபடியே பார்த்தான். குவியல்கள் ஏறின. அவன் முகம் ஒரு நிமிஷம் இளகியது, உடனே பழையபடி ஆயிற்று.

முப்பது வருஷம் அடுக்கிய சீட்டு, கைப்பழக்கத்தில் வருகிறது, மாடு தானாக வீட்டுக்குத் திரும்புவது போலத்தான் என்றான். சொன்னதில் நியாயம் இருந்தது. சுந்தரம்மாள் மேஜைமேல் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து எட்டாக வெட்டினாள். பேனாவோடு அவன் கையில் கொடுத்தாள். அப்பா இதுவரை பார்க்காத சொல்லாக நீங்களே எழுதுங்கள் என்றாள். ஆங்கிலம் தெரிந்த சாட்சி வேண்டும் என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்து நசீம் பானுவையும் வரவழைத்தாள்.

ரொனால்டு யோசித்து யோசித்து ஆங்கிலத்தில் எழுதினான். கம்ப்யூட்டர். பெட்ரோல். பெங்களூர். ஃபேமிலி. வாங்கு. தனிமை. அப்பாவை ஏமாற்றிப் பார்க்க, ஒரு சீட்டில் வேகமாக என்கிற சொல்லை எழுதினான். கடைசிச் சீட்டில் கொஞ்சம் தயங்கி, அமலராணி என்று அம்மாவின் பெயரை எழுதினான்.

சார் ஒவ்வொன்றாக எடுத்தார். வாங்கு, வேகமாக இரண்டும் நேரே தலையணைப் பக்கம் போயின. கம்ப்யூட்டர் நாற்காலியோடு சேர்ந்தது. பெட்ரோல் பாலோடும் பஞ்சோடும் சேர்ந்தது. தனிமையைத் தொட முடியாதவற்றில் வைத்தார். பெங்களூரைத் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். அமலராணியையும் அதே குவியலில்தான் வைத்தார். ஆனால் பெங்களூர்மேல் படாமல் சற்று விலக்கி வைத்தார். கடைசியாக ஃபேமிலியை எடுத்து மந்தையின்மேல் போட்டார்.

"இது தப்பு. ஃபேமிலி சாதாரணப் பொதுப்பெயர்தான?" என்றான் ரொனால்டு. அவன் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

"இல்லங்க. பல பேர் சேந்த கூட்டம். அப்பா வச்சதுதான் சரி" என்றாள் நசீம் பானு.

ராயப்பராஜ் சார் மகனை நிமிர்ந்து பார்த்தார். இடது கை முட்டியால் பலகையில் இரண்டு தட்டு தட்டினார். தப்பான பதில் சொன்னவனை உட்காரச் சொல்ல வகுப்பில் அவர் தட்டுகிற தட்டு அது. ஐந்து வருஷம் அதே பள்ளியில் படித்த ரொனால்டு, என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நசீம் பானுவுக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரொனால்டுக்கும் சிரிப்பு மாதிரி என்னவோ வந்தது, வந்து அழுகையில் முடிந்தது.

சுந்தரம்மாள் அதற்கு அதிக நேரம் கொடுக்கவில்லை.

"அழுகைய அப்புறமா வச்சுக்கலாம் தம்பி. இப்பக் கேளுங்க. பேரு மட்டும் கேக்காதீங்க."

ரொனால்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். இல்லத்தைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னான். அங்கே என்ன வசதி, எவ்வளவு தூரம், தான் எப்போதெல்லாம் வர முடியும். சார் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் சொன்னார்.

"கேக்கல. நீ... கேக்கல."

"இப்பக் கேக்குறேன்ப்பா. அங்க போறீங்களா, இங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார் சார். குழறல் இல்லாமல் வந்தது. பிறகு, அவன் மனசு வருந்தக் கூடாது என்பது போல, "நீ போ. வா. போயிட்டு... வா" என்றார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ரொனால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைமுறையைப் பேசினான். அங்கே இராத்திரியும் ஆள் இருப்பார்கள், இங்கே குளியலறையில் விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டான். சுந்தரம்மாள் மறைக்கவில்லை. போன மாதம் ஒருமுறை வழுக்கினார், தான் பக்கத்தில் இருக்கும்போதே வழுக்கினார், அடிபடவில்லை, நோட்டில் தேதியோடு இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். இதுவரை போலவே இராத்திரியும் தானே தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு ஓய்வு வேண்டும், அன்றைக்கு ஆண்டனிராஜ் வந்து உட்காரட்டும், அவருக்கும் வேறு வேலை இல்லை. ஆனால் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும், வாசற்படியை இடித்துச் சரிவாக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் தன்னால் பொறுப்பெடுக்க முடியாது, அப்போது இல்லமே மேல் என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் ரொனால்டு அவளை நம்பினான். அன்று சாயங்காலமே அந்த இல்லத்துக்குத் தொலைபேசி செய்து இடம் வேண்டாம் என்றான்.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாள் என்பதால் அன்றைக்கு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் சனிக்கிழமை காலையில்தான் பேகம்பூரிலிருந்து அப்பாஸ் கொத்தனார் வந்தார். முதலில் படியை இடித்துச் சிமென்ட் பூசிச் சரிவாக்கினார். பிறகு மூன்றடி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு எந்த உயரத்தில் வைப்பது என்று ரொனால்டிடம் கேட்டார். ரொனால்டு சுந்தரம்மாளைப் பார்த்தான். அவள் உள்ளே போனாள். சாரை நாற்காலியில் உட்கார வைத்து, இழுத்துக்கொண்டு வந்து, குளியலறை வாசலில் நிறுத்தினாள். பிடிக்கப் போகிற கை அவருடையது, அவரே சொல்லட்டும் என்றாள்.

அப்பாஸ் கம்பியைச் சுவரில் வைத்துப் பிடித்தார். சார் இடது கையை நீட்டிப் பார்த்தார்.

"தூக்கு" என்றார்.

அப்பாஸ் தூக்கினார்.

"எறக்கு. இன்னும்... எறக்கு."

அப்பாஸ் விரற்கடை விரற்கடையாக இறக்கினார். ரொனால்டு குனிந்து பென்சிலோடு நின்றான்.

"போதும்" என்றார் சார். ரொனால்டு குறி போட்டான், அப்பாஸ் துளை போட்டுக் கம்பியைப் பதித்துச் சிமென்ட் பூசினார். சிமென்ட் இறுகுகிறவரை இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது என்று சுந்தரம்மாள் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவைத்தாள். அதன்பிறகு ஐந்து வருஷமும் சில மாதங்களும் ராயப்பராஜ் சார் தினமும் காலையில் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்து நின்றார்.